இணையதளம் யார் கையில் இருக்க வேண்டும்?
(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி இணையதளத்தை அமைப்பது, பராமரிப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் பள்ளியில் பணியாற்றியவன் அல்லன். ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்தவன். கண்காணிப்பாளர்கள், உதவியாளர்கள், தட்டச்சர்கள், துறை அலுவலக எழுத்தர்கள் என்று கணினி படிக்காத பணியாளர்கள் தங்கள் பிரிவின் வலைப்பக்கங்களைத் தாங்களே எழுதிப் பராமரிக்க உதவியதுதான் என் அனுபவம். அதைச் சொல்கிறேன். உங்கள் பள்ளிக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நவம்பர் மாதம். தொலைநிலைக் கல்விப் பிரிவின் சன்னல் முன்னால் ஓர் இளைஞர் நின்றுகொண்டிருந்தார். மலைக்கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தவர். ஒரு கடையில் வேலை செய்துகொண்டே பி.ஏ. படித்தவர். தேர்வுக் கட்டணம் கட்ட வந்திருந்தார். கட்டணம் செலுத்தும் நாள் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, அபராதத்துடன் கட்டும் நாளும் கடந்துவிட்டது என்று சொன்னார்கள். அவர் கைப்பேசியைத் திறந்து எங்கள் இணையதளத்தைக் காட்டினார். ‘கட்டணம் செலுத்தக் கடைசி நாள்: நவம்பர் 15’ என்று இருந்தது. அது முந்தைய ஆண்டின் அறிவிப்பு. நாளும் மாதமும் இருந்தன, ஆண்டு இல்லை.

பிரிவின் கண்காணிப்பாளர் அம்மா, “அதைப் போட்டது நாங்க இல்லையே தம்பி, கம்ப்யூட்டர் சென்டர்ல போட்டது” என்றார். என்னை அழைத்துக் கேட்டார்கள். “பிரிவிலிருந்து எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லையே” என்றேன். அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. ஆனால் அந்த இளைஞருக்கு ஒரு பருவத் தேர்வு போய்விட்டது. எங்களுடன் அவர் சண்டை போடவில்லை. அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்றிரவு யோசித்தேன். பல்கலைக்கழகத் தளத்தின் எல்லாப் பக்கங்களையும் நான்தான் செய்திருந்தேன். கடவுச்சொல்லும் என்னிடம்தான் இருந்தது. ஒரு தேதியை மாற்ற வேண்டுமானால் பிரிவில் குறிப்பு எழுதி, கையொப்பம் பெற்று, தபாலில் என் மேசைக்கு வர வேண்டும். தகவல் பிறக்கும் இடம் ஒன்று, அதை மாற்றும் உரிமை இருக்கும் இடம் வேறொன்று. நடுவில் இருந்த அந்தத் தூரத்தில்தான் அந்த இளைஞரின் ஆறு மாதம் தொலைந்தது. பாதுகாப்பு என்று நினைத்து நான் வைத்துக்கொண்ட சாவிதான் கதவை அடைத்துவிட்டது.

வலை என்பது எதற்காக வந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போம். ஜெனீவா நகருக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் ஒரு திட்டத்தை எழுதித் தந்தார். பல நாட்டு ஆய்வாளர்கள் வருவார்கள், போவார்கள். அவர்களோடு தகவலும் போய்விடும். அதைத் தடுக்கத்தான் அந்தத் திட்டம். அங்கே வலை முதலில் நன்றாகப் பயன்பட்டது பெரிய அறிவியல் கட்டுரைகளுக்காக அல்ல; அலுவலகத் தொலைபேசிப் பட்டியலைப் பார்ப்பதற்குத்தான். யாருடைய எண் எது, எந்த அறை என்பதை எந்தக் கணினியிலிருந்தும் பார்க்க முடிந்தது. 1993 ஏப்ரலில் அந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. ஆக, வலையின் தொடக்க கால வேலையே அலுவலகப் பட்டியல்தான். பட்டியலைப் பராமரிப்பதில் நம் அலுவலகப் பணியாளர்களை மிஞ்ச ஆள் உண்டா?

இது எனக்கு உடனே புரிந்துவிடவில்லை. முதலில் நான் செய்தது ஒரு பயிற்சி வகுப்பு. இரண்டு நாள், முப்பது பேர், திரையில் படவிளக்கம். எச்.டி.எம்.எல். என்றால் என்ன, சர்வர் என்றால் என்ன, கோப்பை எப்படிப் பதிவேற்றுவது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். சான்றிதழும் வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒருவர்கூட ஒரு வரியும் மாற்றவில்லை. அவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவுகட்ட எனக்கு வசதியாக இருந்தது. நீங்கள் ஆசிரியர்கள், இது உங்களுக்குப் பழகிய சறுக்கல். பாடம் நடந்ததா என்று பார்த்தேன், கற்றல் நடந்ததா என்று பார்க்கவில்லை.

இரண்டாவது முறை அவர்களை என் ஆய்வகத்துக்கு அழைக்கவில்லை. நான் அவர்கள் மேசைக்குப் போனேன். முதலில் போனது அதே கண்காணிப்பாளர் அம்மாவிடம்தான். கணினியைத் திறக்கவே இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, “ஒரு வாரத்துக்குச் சன்னல்லயும் போன்லயும் என்னென்ன கேக்கறாங்களோ எழுதி வைங்கம்மா” என்றேன். வார முடிவில் பல பக்கம் நிரம்பியிருந்தது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தோம். பதினொரு கேள்விகள்தான். தேர்வுக் கட்டணம் எவ்வளவு, கடைசி நாள் எது, மதிப்பெண் பட்டியல் தொலைந்தால் நகல் வாங்குவது எப்படி, பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் என்ன செய்வது, உண்மைத்தன்மைச் சான்று பெற எங்கே விண்ணப்பிப்பது... கடைசியாகச் சொன்னதற்குச் சிரிக்கிறீர்கள். உங்களில் பலர் அதற்காக அலைந்திருப்பீர்கள் என்று தெரியும்.

அந்தப் பதினொரு கேள்விகளும்தான் பதினொரு பக்கங்கள். நான் முன்பு செய்து வைத்திருந்த தளத்தில் நாற்பது பக்கம் இருந்தது. வரவேற்புரை, தலைவர் செய்தி, விழாப் படங்கள், கண் சிமிட்டும் ‘புதியது’ என்ற சொல். யாரும் கேட்காத கேள்விகளுக்கு நாற்பது பக்கம் பதில் எழுதியிருந்தேன். அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டோம். பக்கம் குறைந்தால் பராமரிப்பும் குறையும். ஒரு அலுவலகம் எத்தனை பக்கங்களைச் சரியாக வைத்துக்கொள்ள முடியுமோ அத்தனைதான் அதற்குத் தேவை.

பதில்களையும் அந்த அம்மாவே எழுதினார். முதலில் ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று தொடங்கினார். “சன்னல்ல வந்து கேட்டா இப்படியா சொல்வீங்க?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடித்துவிட்டு எழுதினார்: ‘மதிப்பெண் பட்டியல் தொலைந்துவிட்டால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று பெற வேண்டும். அதனுடன் இந்த விண்ணப்பத்தையும் கட்டண ரசீதையும் இணைத்து அனுப்புங்கள்.’ இத்தனை ஆண்டுகளில் அந்தத் தளத்துக்கு நான் எழுதிய எதுவும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

அதன் பிறகுதான் கணினிக்கு வந்தோம். எச்.டி.எம்.எல்.லை விட்டுவிட்டேன். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. கடிதம் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் அதில் பக்கம் எழுதலாம். ஆனால் தெரிவது வேறு, துணிவது வேறு. அவருடைய முதல் கேள்வி, “ஏதாவது தப்பா அமுக்கிட்டா எல்லாம் அழிஞ்சிடுமா தம்பி?” என்பதுதான். பல ஆண்டுகள் அரசுப் பதிவேடுகளைக் காத்தவருக்கு அந்தப் பயம் நியாயமானது. பயப்படாதீர்கள் என்று வாயால் சொல்லிப் பயனில்லை. ஒரு சோதனைப் பக்கத்தைத் திறந்து, “இதை முழுசா கெடுத்துக் காட்டுங்க” என்றேன். தயங்கித் தயங்கிக் கெடுத்தார். பிறகு பழைய வடிவத்தை மீட்கும் வசதியைக் காட்டினேன். பக்கத்தைச் சேமிக்கும்போதெல்லாம் வேர்ட்பிரஸ் பழைய வடிவத்தையும் வைத்துக்கொள்ளும். நீக்கிய பக்கமும் பொதுவாக 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். மீட்பதை அவரே இரண்டு முறை செய்து பார்த்தார். அதன் பிறகு கை நடுங்கவில்லை. ஒரு எச்சரிக்கையும் சொன்னேன்: ஏற்றி வைத்த படங்களையும் கோப்புகளையும் அழித்தால் அவை அப்படித் திரும்ப வராது. எது மீளும், எது மீளாது என்று தெரிந்துவிட்டால் பயம் எச்சரிக்கையாக மாறிவிடும்.

எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கற்றுக்கொள்பவரின் மவுஸை நான் தொடக் கூடாது. இது மிகவும் கடினம். பத்து நொடியில் நான் முடிக்கும் வேலையை அவர் நான்கு நிமிடம் தேடுவார். கை துறுதுறுக்கும். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நாம் வாங்கிச் செய்துகொடுத்தால் வேலை முடியும், ஆனால் அடுத்த முறையும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். வழிமுறையையும் நான் எழுதித் தரவில்லை. அவரே தம் சொற்களில் ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். ‘நீலப் பொத்தானை அமுக்கினால்தான் வெளியே தெரியும்’ என்று அதில் ஒரு வரி. அவர் எழுதியது அவருக்கு எப்போதும் புரியும்.

அனுமதிகளையும் அலுவலக நடைமுறைக்கு ஏற்றபடி அமைத்தோம். இந்த மென்பொருள்களில் ஒருவர் வரைவு எழுதலாம், வெளியிட முடியாது; இன்னொருவர் சரிபார்த்து வெளியிடலாம் என்று பிரிக்க முடியும். உதவியாளர் குறிப்பு எழுத, கண்காணிப்பாளர் ஒப்புதல் தருவதைப் போலத்தான். தளத்தின் அமைப்பையே மாற்றும் உரிமை இருவருக்கும் கிடையாது. மென்பொருளைப் புதுப்பிப்பது, காப்புநகல் எடுப்பது, தேர்வு முடிவு வெளியிடுவது, இணையவழிக் கட்டணம் ஆகியவை கணினி மையத்தின் பொறுப்பாகவே இருந்தன. எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொடுத்துவிடுவது அல்ல நான் சொல்வது. தகவல் யாருடையதோ, அதைத் திருத்தும் உரிமையும் அவரிடம் இருக்க வேண்டும்.

வழியில் இரண்டு தடைகள் வந்தன. உங்கள் பள்ளிகளிலும் இவை வரும்.

முதலாவது எழுத்துரு. அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருந்தார்கள். அதை அப்படியே நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலைந்து தெரியும். அந்தப் பழைய முறைகளில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினி அவற்றை ஆங்கிலமாகத்தான் காட்டும். ஒருங்குறியில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. அதனால் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும். தமிழ்நாடு அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. பழைய கோப்புகளை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும், எண்களும் குறிகளும் பிசகலாம். தட்டச்சுப் பயின்றவர்கள் விசைப்பலகையை மாற்றத் தேவையில்லை. பழகிய தட்டச்சு முறையிலேயே ஒருங்குறியில் அடிக்கலாம் என்று காட்டியதும் பாதி எதிர்ப்பு தீர்ந்தது.

இரண்டாவது ஸ்கேன். கையொப்பமிட்ட சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து போட்டால்தான் அதிகாரப்பூர்வம் என்பது நம் அலுவலகங்களின் நம்பிக்கை. அந்தப் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்திப் படிக்க வேண்டியிருக்கும். தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் கணினிக்கு அது எழுத்தல்ல, படம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெற்றுத்தாள். நம் பள்ளிகளில் பார்வையற்ற ஆசிரியர்கள் பலர் பணியாற்றுகிறார்கள். மின்னணுத் தகவல்கள் அவர்களுக்கும் எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஸ்கேனை எடுத்துவிடச் சொல்லவில்லை. செய்தியைப் பக்கத்தில் எழுத்தாக எழுதுங்கள், கையொப்பமிட்ட படியைக் கீழே இணையுங்கள் என்றேன். இரண்டு நிமிட வேலை கூடும், அவ்வளவுதான்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். தளத்தை அமைப்பது ஒரு வார வேலை. திறப்பு விழாவும் நடந்துவிடும். ஆறு மாதம் கழித்து அதில் இருப்பது உண்மையா என்பதுதான் கேள்வி. பழைய தேதியுடன் நிற்கும் தளத்தைவிடத் தளம் இல்லாமல் இருப்பது மேல். தளமே இல்லையென்றால் அந்த இளைஞர் தொலைபேசியில் கேட்டிருப்பார்.

இதற்கான வழியைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை. அந்தக் கண்காணிப்பாளர் அம்மாதான். “எங்ககிட்ட காலமுறைப் பதிவேடு இருக்கே தம்பி, இதையும் அதுல ஏத்திட்டா போச்சு” என்றார். எந்த அறிக்கையை எந்தத் தேதியில் அனுப்ப வேண்டும் என்று அலுவலகங்களில் வைத்திருக்கும் பதிவேடு அது. அதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி போட்டார். கட்டணப் பக்கம், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும். பணியாளர் பட்டியல், ஆண்டுக்கு ஒருமுறையும் யாராவது மாறுதலாகும்போதும். தளப்பெயரைப் புதுப்பிக்க வேண்டிய நாளும் அதில் ஏறியது. தளப்பெயரைப் புதுப்பிக்காமல் விட்டால் வேறு யாராவது அதை வாங்கிவிட முடியும். பிறகு உங்கள் பள்ளியின் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம்கூட வரலாம்.

அத்துடன் சில விதிகளையும் சேர்த்துக்கொண்டோம். எந்தத் தேதியாக இருந்தாலும் ஆண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாளும், பொறுப்பாளரின் பதவியும் இருக்க வேண்டும். பெயர் வேண்டாம், ஆள் மாறுவார், பதவி மாறாது. கணக்கைத் தனிநபர் மின்னஞ்சலில் திறக்கக் கூடாது. ஒரு துறையில் தற்காலிகமாகப் பணியாற்றியவர் தம் சொந்த மின்னஞ்சலில் தளம் தொடங்கிக் கொடுத்தார். அவர் வேறு வேலைக்குப் போனதும் அந்தத் தளத்துக்குள் யாராலும் நுழைய முடியவில்லை. நுழைவதற்கான குறியீடு அவருடைய கைப்பேசிக்குத்தான் போயிற்று. எனவே அலுவலக மின்னஞ்சல் வேண்டும், கணக்கு குறைந்தது இருவருக்கு இருக்க வேண்டும், மாறுதலில் போகிறவர் பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் பீரோ சாவியோடு இணையதளக் கணக்கும் இருக்க வேண்டும். இன்னொன்று, மாணவர்களின் தொலைபேசி எண், ஆதார் எண், வங்கி விவரம் எதுவும் எந்தப் பட்டியலிலும் வெளியே போகக் கூடாது. ஸ்கேன் செய்து ஏற்றும் தாளில் இவை ஒளிந்திருக்கும். ஏற்றுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். சில பிரிவுகள் கடைசிவரை வரவில்லை. ‘இது எங்கள் பணிப்பட்டியலில் இல்லை’ என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஏற்கெனவே இருக்கும் வேலைக்கு மேல் இன்னொரு வேலை, அதற்கு நேரமும் இல்லை, அங்கீகாரமும் இல்லை என்றால் யார் செய்வார்? உங்களுக்கும் பதிவேற்றப் பணிகள் எவ்வளவு என்று தெரியும். பணி ஒதுக்கீட்டு ஆணையில் எழுதி, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தந்த பிரிவுகளில்தான் தளம் உயிரோடு இருந்தது. தலைமையாசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இது கூடுதல் வேலையும் அல்ல என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4, யாரும் கேட்காமலேயே பொது அமைப்புகள் தகவலைத் தாமே வெளியிட வேண்டும் என்கிறது. மக்கள் மனுப்போட்டுக் கேட்கும் தேவையே குறைய வேண்டும் என்பது அதன் நோக்கம். சன்னலில் நிற்கும் வரிசை குறைந்தால் பணியாளருக்கும் நேரம் மிஞ்சும். தொலைநிலைக் கல்விப் பிரிவில் தொலைபேசி அழைப்புகள் குறைந்ததை முதலில் கவனித்தவர், அதை எடுத்துப் பேசும் உதவியாளர்தான். “போன் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன் சார்” என்றார்.

அந்த மலைக்கிராமத்து இளைஞர் பிறகு வந்தாரா, படிப்பை முடித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு நாங்கள் எதையும் திருப்பித் தர முடியவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு கட்டணத் தேதி நீட்டிக்கப்பட்டபோது, ஆணை வந்த அன்று மாலையே பக்கம் மாறியிருந்தது. யார் மாற்றியது என்று பார்த்தேன். கண்காணிப்பாளர் அம்மா. என்னை யாரும் அழைக்கவில்லை. என் பணிக்காலத்தில் எனக்கு மிகவும் நிறைவு தந்த நாட்களில் அதுவும் ஒன்று.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பள்ளிக்குத் தளம் இருந்தால் கைப்பேசியில் திறந்து, ஒரு பெற்றோரின் கண்ணால் பாருங்கள். முதலில் தென்படும் தேதி எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். தளம் இல்லையென்றால் இன்னும் நல்லது, நோட்டிலிருந்து தொடங்கலாம். பள்ளி வாசலிலும் அலுவலகத்திலும் பெற்றோர் கேட்பதை ஒரு வாரம் எழுதுங்கள். பிறகு, அதற்குப் பதில் தெரிந்தவர் யாரோ அவர் கையில் மவுஸைக் கொடுங்கள். உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.